மாசோலியமும் பள்ளிப்படையும்

சொல்லுக்குப் பிறப்பு உண்டு, வளர்ப்பும் உண்டு, சில சொற்களுக்கு இறப்பும் உண்டு. ஒரு சொல் எங்கே பிறந்தது, எவர் நாவில் வளர்ந்தது, எவ்வழியாக நம்மை வந்தடைந்தது என்று ஆராய்வது மொழிநூலின் பணி. அப்பணியில் இறங்குவோர் இருவகையினர். சான்று சென்ற வழியே தாமும் செல்வோர் ஒரு வகையினர். முடிவை முதலில் வைத்துக்கொண்டு, சான்றை அதற்கேற்ப வெட்டியும் ஒட்டியும் கொள்வோர் மற்றொரு வகையினர். தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மிடையே, விழா மேடைகளில் ஓங்கி ஒலிப்பது இவ்விரண்டாம் வகையினரின் குரல். உலகத்துச் சொற்களையெல்லாம் தமிழ் என்று பிரித்துக்காட்டும் அக்குரலுக்குக் கைதட்டல் நிறைய உண்டு. அது தமிழுக்கு ஆக்கம் அன்று, கேடே என்பது நம் கருத்து. இதனை நிறுவ ஆயிரம் சொற்கள் வேண்டா. ஒரே ஒரு சொல் போதும்.

அச்சொல் 'மாசோலியம்'. பெருங்கல்லறைகளைக் குறிக்க ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் வழங்குவது. தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு இச்சொல்லைத் தவிர்த்து வாழ இயலாது. லோதி தோட்டத்திற்கு மாலையில் உலவப் போனால் கல்லறை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் சப்தர்ஜங்கின் கல்லறை. நிஜாமுதீன் பக்கம் சென்றால் ஹுமாயூனின் கல்லறை. ஊரிலிருந்து உறவினர் வந்துவிட்டால் ஆக்ராவுக்குப் பயணம், அங்கே தாஜ்மகால். பாடநூலும் வழிகாட்டி நூலும் இவற்றையெல்லாம் மாசோலியம் என்கின்றன. "இச்சொல்லுக்கு என்ன பொருள்? தமிழில் இதை எப்படிச் சொல்வது?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். எளிய வினாக்கள்தாம். ஆனால் இவற்றுக்கு நாம் அளிக்கும் விடையில் நம் மொழிப்பற்றின் தரம் வெளிப்பட்டுவிடுகிறது.

சொல் பிறந்த இடம்

முதலில் உண்மை வரலாற்றைக் காண்போம். இன்றைய துருக்கி நாட்டின் தென்மேற்குக் கரையில், போட்ரம் என்று இப்போது அழைக்கப்படும் துறைமுக ஊர் உள்ளது. அதன் பழம்பெயர் ஹாலிகர்னாசஸ். அது காரியா என்னும் நாட்டின் தலைநகர். அந்நாட்டைப் பாரசீகப் பேரரசின் ஆளுநனாகவும், நடைமுறையில் தனியரசனாகவும் கி.மு. 377 முதல் 353 வரை ஆண்டவன் மௌசோலஸ். பாரசீகர் இத்தகைய ஆளுநர்க்கு வழங்கிய பட்டமே நம் நாட்டு வரலாற்று நூல்களில் 'சத்ரபர்' என்று வருவது.

மௌசோலஸ் தன் முன்னோரின் தலைநகராகிய மிலாசாவை விடுத்து ஹாலிகர்னாசஸைப் பெருநகராக்கினான். பெருநகருக்குப் பெரும்பொருள் வேண்டுமன்றோ? அப்பொருள் ஈட்டப்பட்ட வகையை, அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'பொருளியல்' என்னும் பழைய கிரேக்க நூல் சுவையாகக் கூறுகிறது. மிலாசா நகருக்கு மதில் எழுப்புவதாகச் சொல்லிச் செல்வரிடம் பணம் திரட்டிக்கொண்டு, பின்னர், மதில் கட்டுவதைத் தெய்வம் தடுக்கிறது என்று சொல்லிவிட்டானாம். அவனுக்குக் கீழிருந்த அதிகாரி ஒருவன் லிசியா நாட்டு மக்கள் நீண்ட கூந்தல் வளர்ப்பதில் விருப்பமுடையோர் என்பதை அறிந்து, பொய்மயிர் செய்வதற்காக அனைவர் தலையையும் மழித்தனுப்பப் பேரரசரின் ஆணை வந்துளது என்றும், தலைக்கு இவ்வளவு வரி செலுத்தினால் கிரேக்க நாட்டிலிருந்து மயிரை வரவழைத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தானாம். மக்கள் மகிழ்ந்து வரி கட்டினர் என்கிறது அந்நூல். பெருங்கல்லறைகளைக் கண்டு வியக்கும் நாம், அவற்றின் அடித்தளத்தில் யாருடைய பணம் கிடக்கிறது என்பதையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

கி.மு. 353இல் மௌசோலஸ் இறந்தான். அவனுக்கு உடன்பிறந்தவளும் மனைவியுமாகிய அர்த்தமிசியா ஆட்சிக்கு வந்தாள். கணவனின் சாம்பலை நீரில் கலந்து பருகினாள் என்பது பழங்கதை. அவனுக்கு அவள் எழுப்பிய கல்லறை உலகின் ஏழு விந்தைகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. 36 தூண்கள், அவற்றின்மேல் 24 படிகளாகக் குவிந்தெழும் கூம்புக் கூரை, உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர், மொத்த உயரம் 140 அடி என உரோம அறிஞர் பிளினி அதனை விவரித்துள்ளார். ஸ்கோப்பாஸ், பிரியாக்சிஸ், திமோத்தியஸ், லியோக்காரஸ் ஆகிய நால்வர் பக்கத்திற்கு ஒருவராகச் சிற்பம் செதுக்கினர். பணி முடியுமுன் அர்த்தமிசியாவும் இறந்தாள். அதன் பின்னரும் சிற்பிகள், அது தங்கள் கலைக்கே நினைவுச்சின்னமாக நிற்கும் என்று கருதி, விடாது வேலையை முடித்தனர் என்றும் பிளினி கூறுவார்.

அக்கட்டடத்தைக் கிரேக்கர் 'மௌசோலெயோன்' என்றனர். மௌசோலஸுக்கு உரியது என்பதே அதன் பொருள், வேறொன்றும் இல்லை. சாவு என்றோ, கல் என்றோ, மாளிகை என்றோ எப்பொருளும் அச்சொல்லுள் இல்லை. இருப்பது ஓர் ஆளின் பெயர் மட்டுமே.

பெயர் பொதுச்சொல் ஆன வகை

ஓர் ஆளின் பெயர் எவ்வாறு உலகப் பொதுச்சொல் ஆயிற்று? இதற்கும் சான்று உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பயணநூல் எழுதிய பௌசேனியாஸ், உரோமர் அக்கல்லறையின் பெருமையில் மயங்கித் தம் நாட்டுச் சிறந்த கல்லறைகளுக்கும் அப்பெயரையே இட்டு வழங்குகின்றனர் என்று தெளிவாகக் குறித்துள்ளார். உரோமின் முதற்பேரரசன் அகஸ்டஸ் தனக்கென்று கி.மு. 28இல் கட்டத் தொடங்கிய வட்டக் கல்லறை இப்பெயர் பெற்றது. பேரரசன் ஹாத்ரியனின் கல்லறையும் அவ்வாறே; பிற்காலத்தில் கோட்டையாக மாறிய அது இன்றும் திபேர் ஆற்றங்கரையில் நிற்கிறது. இலத்தீன் மொழியில் பொதுச்சொல் ஆகிவிட்ட இது, பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. மாஸ்கோவில் லெனினின் உடல் வைக்கப்பட்ட கட்டடத்தை உருசியர் 'மவ்சலேய்' என்பர். ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு வந்து ஆக்ராவையும் தில்லியையும் கண்டபோது, தங்களிடம் ஆயத்தமாக இருந்த அச்சொல்லை நம் நாட்டுக் கட்டடங்கள்மேல் ஒட்டினர்.

தில்லியிலும் ஆக்ராவிலும் உள்ள பெருங்கல்லறைகள் இசுலாமிய அரசர்களுடையவை. ஆதலின், ஒலி ஒப்புமையை மட்டும் நோக்கி, மாசோலியம் என்பது 'முசுலிம்' என்பதிலிருந்து வந்தது என்று கருதிவிட இடமுண்டு. மௌசோலஸ் மறைந்த ஆண்டுக்கும் இசுலாமியரின் ஹிஜிரி ஆண்டுக் கணக்குத் தொடங்கும் கி.பி. 622க்கும் இடையே கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. காது கேட்பதை நம்பிக் கால வரிசையை மறந்தால் எத்தகைய பிழை நேரும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

அக்கட்டடம் என்னவாயிற்று? நிலநடுக்கங்களால் சரிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு முதல், அங்கே கோட்டை கட்டிய கிறித்தவ வீரத் துறவியர் அதன் கற்களைப் பெயர்த்துக் கோட்டைச் சுவரில் வைத்தனர். பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். 1856இல் சார்லஸ் நியூட்டன் என்னும் ஆங்கிலேயர் அவ்விடத்தை அகழ்ந்து, எஞ்சிய சிற்பங்களை இலண்டனுக்குக் கொண்டுபோனார். கட்டடம் நின்ற இடத்தில் இன்று பள்ளமும் சிதறிய கற்களுமே உள்ளன.

சொல்லை உடைப்போர்

இனி நம் மேடைக்கு வருவோம். "மா என்றால் பெரிய, சவ என்றால் பிணம், இல்லம் என்றால் வீடு. மா-சவ-இல்லம், அதுவே மாசோலியம். ஆகவே இது தமிழ்ச்சொல்" என்று ஒருவர் சொல்லிவிட எத்துணை நேரம் ஆகும்? அரை நாழிகைகூட வேண்டா. கேட்போர் உள்ளம் பூரிக்கும். 'சவம்' வடசொல் ஆயிற்றே என்று எவரும் கேளார். மௌசோலஸ் என்றொருவன் இருந்தான், அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்துள்ளன, சொல் பரவிய வழியைப் பழம்பயணி ஒருவரே எழுதிவைத்துள்ளார் என்பனவெல்லாம் அக்கைதட்டலில் அமுங்கிப்போகும். இம்முறையால் எம்மொழியின் எச்சொல்லையும் எம்மொழிச் சொல்லாகவும் ஆக்கிவிடலாம். எதையும் நிறுவ வல்ல முறை எதையும் நிறுவாத முறையே ஆகும்.

இத்தகைய சொல்லுடைப்பு வேறு எவ்விடத்துக்கு இட்டுச்செல்லும் என்பதை நாம் வாழும் இவ்வடபுலத்திலேயே கண்டோம். பி. என். ஓக் என்பவர், தாஜ்மகால் கல்லறையே அன்று, சிவன்கோயில் என்று வாதிட்டு, அதற்குச் சான்றாகப் பெயரையே உடைத்தார். 'தேஜோ மகாலயம்' என்பது திரிந்து 'தாஜ்மகால்' ஆயிற்றாம். 1989இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். 2000இல் அவர் தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஷாஜகானின் அரசவை வரலாறு அக்கட்டடம் எழுந்த வகையைப் பதிந்துள்ளது. நிலம் ராஜா ஜெய்சிங்குக்கு உரியது, அதற்கு ஈடாக வேறு மாளிகைகள் அவருக்கு அளிக்கப்பட்டன என்பதற்கும் ஆவணம் உண்டு. அக்காலப் பாரசீக நூல்கள் அதனை 'ரௌஜா' என்றே குறிக்கின்றன. அச்சொல்லுக்குத் தோட்டம் என்பது முதற்பொருள். தோட்டத்து நடுவே அமைந்த கல்லறை என்பது வழிப்பொருள். இவ்வளவு சான்று இருந்தும், ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்த வெட்டுக்கத்தி ஒரு கட்டடத்தின் வரலாற்றையே வெட்ட முனைந்தது.

அதைக் கேட்டு நம்மவர் நகைப்பர். நகைப்பது சரியே. ஆனால் 'தேஜோ மகாலய'த்தைக் கண்டு நகைத்த வாயால் 'மா-சவ-இல்லம்' என்று சொன்னால் அதை எங்ஙனம் அறிவுடைமை என்பது? பிறன் செய்தால் புரட்டு, நாம் செய்தால் ஆராய்ச்சி என்னும் நியாயம் எந்த நூலில் உள்ளது? மேலும் ஒன்று. சொல்லுடைப்பு ஆளில்லா வீட்டில் புகும் செயல் அன்று. அக்கல்லறைக்குள் ஒருவர் உறங்குகிறார். அவர் பெயரை அழித்துவிட்டுத்தான் நம் பெயரை எழுத முடியும். இறந்தாரின் பெயரைக் கல்லில் எழுதிக் காத்த மரபினர் நாம். பிறர் கல்லில் பெயரழிக்கும் தொழில் நமக்கு வேண்டா.

சொற்பிறப்புக் காண வேண்டுவன நான்கு. ஒலி பொருந்த வேண்டும். பொருள் பொருந்த வேண்டும். காலம் பொருந்த வேண்டும். ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் சொல் சென்ற வழி காட்டப்பட வேண்டும். கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரன்' ஆயிற்று என்றால் அதனை உலகமே ஒப்புகிறது. ஏன்? பொருள் நம் கடற்கரையில் இருந்தது, ஐரோப்பியர் இங்கே வந்து அதனைக் கண்டனர், கண்டதை எழுதினர். சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதும் அவ்வாறே. உண்மையாகவே தமிழ் கொடுத்த சொற்கள் இவை. பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுக்கலாமே! இவை நான்கு சோதனையிலும் தேறியவை. எந்த அவையிலும் தலைகுனிய வைக்காதவை.

மறுப்பாரின் இரு வாதங்கள்

நம்மை மறுப்போர் இரண்டு கூறுவர். "அயல்மண்ணில் வளரும் பிள்ளைக்குத் தமிழ்மேல் பெருமிதம் வேண்டும். சற்று மிகைபடச் சொன்னால்தான் என்ன கேடு?" என்பது ஒன்று. கேடு உண்டு. அப்பிள்ளை பள்ளிக்குப் போகிறது, கல்லூரிக்குப் போகிறது. ஒரு நாள் அகராதியைப் புரட்டும். மாசோலியத்தின் வரலாற்றை அங்கே காணும். அன்று அப்பிள்ளை, மா-சவ-இல்லம் பொய் என்று மட்டும் முடிவு செய்யாது. சங்கத்தில் கேட்ட அனைத்துமே பொய் என்று முடிவு செய்துவிடும். தொல்காப்பியத்தின் பழமையும் பொய்யோ, சங்கப் பாடல்களின் சிறப்பும் பொய்யோ என்னும் ஐயம் அவ்வுள்ளத்தில் புகும். கலப்பட நெய் விற்றவன் கடையில் நல்ல நெய்யும் விலைபோகாது. மிகைப் பெருமையால் நாம் இழப்பது இந்த நம்பகத்தையே.

"தமிழின் தொன்மையை உலகம் நெடுங்காலம் மறைத்தது, ஆகவே உரத்துக் கூறுதல் வேண்டும்" என்பது மற்றொன்று. தமிழுக்குரிய இடம் காலந்தாழ்ந்தே கிடைத்தது என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் அவ்விடம் கிடைத்தது எவ்வாறு? கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். நியூட்டன் ஹாலிகர்னாசஸில் மண்வெட்டி வைத்த ஆண்டும் அதுவே. தமிழ் வடமொழியின் கிளை அன்று என்னும் உண்மையைக் கால்டுவெல் ஒலிக்கு ஒலி, விகுதிக்கு விகுதி ஒப்பிட்டு நிறுவினார். ஆதிச்சநல்லூரின் தாழிகளையும் கீழடியின் செங்கற் கட்டுமானங்களையும் மண்ணுக்கடியிலிருந்து வெளிக்கொணர்ந்தவை அகழாய்வுகள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டவர்கள், ஊர் ஊராக நடந்து தேடிய ஆய்வாளர்கள். தமிழுக்கு மதிப்புத் தேடித் தந்தவை உழைப்பும் சான்றும். உரத்த குரல் அன்று.

நம்முடைய சொற்கள்

இதில் மிகவும் வருந்தத்தக்கது யாதெனின், இல்லாத சொல்லுக்கு உரிமை கொண்டாடும் நாம், இருக்கும் சொற்களை மறந்துவிட்டோம் என்பதே.

போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டனர் தமிழர். கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அவற்றைக் கூறுவர். மன்னர் இறந்ததைக் கூறும்போதோ, நம் முன்னோர் இறந்தார் என்னாது 'துஞ்சினார்' என்றனர். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்றும், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும் புறநானூறு பெயர் காட்டும். சுந்தர சோழனைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகள் குறிக்கும். சாவைத் துயிலோடு ஒப்பிட்டார் வள்ளுவரும்.

அத்துயில் கருத்திலிருந்து பிறந்ததே 'பள்ளிப்படை' என்னும் சொல். பள்ளி என்பது துயிலிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்டான் என்னும் சொற்களில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. மன்னரைப் பள்ளிபடுத்த இடத்தில் எழுப்பிய கோயில் பள்ளிப்படை. ஆற்றூர்த் துஞ்சின தேவராகிய அரிஞ்சய சோழனுக்கு, அவன் பேரனாகிய முதலாம் இராசராசன் மேற்பாடியில் எழுப்பிய அரிஞ்சிகை ஈசுவரம் ஒரு பள்ளிப்படை. இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு, மகன் முறையினனாகிய முதலாம் இராசேந்திரன் எழுப்பிய பஞ்சவன் மாதேவி ஈசுவரம், கும்பகோணத்தை அடுத்த பட்டீச்சரத்தின் அருகே இன்றும் உள்ளது. மனைவி கணவனுக்குக் கட்டினாள் ஹாலிகர்னாசஸில். கணவன் மனைவிக்குக் கட்டினான் ஆக்ராவில். சிற்றன்னைக்கு மகன் கட்டினான் சோழநாட்டில். இதைச் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் கண்ணை விரித்துக் கேட்கும். இதற்குச் சொல்லை உடைக்க வேண்டா.

இன்னும் ஒன்று காண்க. ஆங்கிலத்தில் இடுகாட்டைக் குறிக்கும் 'செமிட்டரி' என்னும் சொல் கிரேக்கத்தில் துயிலிடம் என்னும் பொருளது. தமிழில் பள்ளி, கிரேக்கத்திலும் பள்ளி! இதனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கொள்ளலாமா? கூடாது. இரு சொற்களுக்கும் ஒலியால் எவ்வுறவும் இல்லை. கடல்கள் இடையிட்ட இரு மக்கள், தம் இறந்தாரை நோக்கி ஒரே எண்ணம் எண்ணினர், அவ்வளவே. கடன் கொடுத்தோம் என்பதினும் ஒத்து உணர்ந்தோம் என்பது பெருமை குறைந்ததா?

அங்ஙனமாயின் மாசோலியத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? பள்ளிப்படை என்றே மொழிபெயர்த்துவிடலாம் என்பர் சிலர். அதுவும் பொருந்தாது. பள்ளிப்படை வழிபாட்டுக்குரிய கோயில். ஹுமாயூனின் கல்லறையில் பூசையும் இல்லை, கருவறையும் இல்லை. 'சமாதி' என்பதோ யோகநிலையைக் குறிக்கும் வடசொல்; துறவியர் அடங்கிய இடத்துக்குப் பொருந்தும். தில்லி ராஜகாட்டில் காந்தியடிகளின் உடல் எரியூட்டப்பட்ட இடத்தையும் இந்தியில் சமாதி என்கின்றனர். அங்கே உடல் புதைக்கப்படவில்லை. உடல் இல்லாத இடத்துக்கு 'நினைவிடம்' என்பதே தக்க சொல். உடல் அடக்கிய பெருங்கட்டடத்தைக் 'கல்லறை மாடம்' என்று எளிதாகச் சொல்லலாம். கேட்டவுடன் பொருள் விளங்கும். ஒரு குறிப்பிட்ட கட்டடத்தைச் சொல்லும்போது அதன் மக்கள் இட்ட பெயராலேயே சொல்வது இன்னும் சிறப்பு. ஹுமாயூனின் மக்பரா என்று தில்லி மக்கள் சொல்கின்றனர். கல்லறை உள்ள இடம் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். நாமும் அவ்வாறே சொல்லி, பொருளைத் தமிழில் விளக்கலாம். பிறர் இட்ட பெயரை மதித்து வழங்குவதால் நம் மொழி சிறுத்துவிடாது.

காரியர் கற்பிக்கும் பாடம்

மௌசோலஸின் தாய்மொழி காரியம். அவன் பெயரும் கிரேக்கப் பெயர் அன்று. ஆயினும் அவன் கிரேக்க நாகரிகத்தில் பெருவிருப்புடையவன்; அரசாணைகளைக் கிரேக்கத்தில் வெளியிட்டான்; கல்லறைக்குக் கிரேக்கச் சிற்பிகளை அழைத்தான். 140 அடி உயரக் கல்லறையும் உலகமெல்லாம் வழங்கும் சொல்லும் அவனுக்குக் கிடைத்தன. அவன் மொழிக்கோ? அவனுக்குப் பின் சில தலைமுறைகளில் காரியமொழி வழக்கொழிந்தது. அதன் எழுத்தைப் படிப்பாரும் இலராயினர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வெழுத்துகளை அறிஞர் மீண்டும் படிக்கத் தொடங்கினர். 1996இல் கௌனோஸ் என்னும் இடத்தில் கிடைத்த காரிய–கிரேக்க இருமொழிக் கல்வெட்டு அவ்வாசிப்பை உறுதிசெய்தது. ஆனால் அதற்கு முன்னமே வழி திறந்துவிட்டவை எவை? எகிப்தில் கிடைத்த கல்வெட்டுகள். நமக்குக் கிடைத்துள்ள காரியக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி காரிய நாட்டில் கிடைத்தவை அல்ல. பிழைப்புத் தேடி எகிப்துக்குச் சென்று கூலிப்படையில் சேர்ந்த காரியர், அயல்மண்ணில் தம் கல்லறைக் கற்களில் தம் பெயரையும் தந்தை பெயரையும் தாய்மொழி எழுத்தில் பொறித்து வைத்தவை. அரசன் கட்டிய பெருமாடம் காரியமொழிக்கு உதவவில்லை. ஊர்விட்டு ஊர் வந்த எளியோர் எழுதிவைத்த நான்கைந்து எழுத்துகளே உதவின.

இதனை வாசிக்கும் நாம் யார்? பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். அவர்களுள் எத்துணைப் பேர் தம் பெயரையும் தந்தை பெயரையும் தமிழில் பிழையின்றி எழுத வல்லவர்? சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன, மலர் வெளியிடுகின்றன, மேடையில் உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழே என்கின்றன. அம்மேடையின் கீழே அமர்ந்துள்ள சிறுவன் நிகழ்ச்சி நிரலை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறான். படிக்கத் தெரியாத மொழிக்குப் புகழ்மாலை சூட்டுவது, அம்மொழிக்கு மாசோலியம் கட்டுவதே ஆகும். தூண் 36 இருக்கலாம். உச்சியில் தேரும் இருக்கலாம். உள்ளே இருப்பது உயிரன்று.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. விழாவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கைச் சங்கங்கள் வாரந்தோறும் எழுத்தறிவிக்கும் வகுப்புக்கு ஒதுக்குக. சங்க நூலகத்தில் நல்ல தமிழ் அகராதி ஒன்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தட்டில் வைக்க. அடுத்த முறை ஹுமாயூனின் மக்பராவுக்குக் குடும்பத்தோடு செல்லும்போது, மாசோலியம் என்பது காரிய நாட்டு அரசன் ஒருவன் பெயர் என்று உள்ளதை உள்ளவாறே சொல்க. பின்னர்ப் பள்ளிப்படை என்னும் நம் சொல்லையும் சொல்க. வீடு திரும்பியதும் அச்சொல்லை ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்க. பிள்ளை பிழையாக எழுதினால் திருத்துக, மறுபடியும் எழுதட்டும்.